அந்தப் பொத்தானை விலை குறைந்த போர்டிலும் வையுங்கள்

மதர்போர்டு தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை இந்தியாவில் விநியோகிப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் கரூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பவன். கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்தான் பயாஸ்; பிராசஸர் இல்லாமலே அதைப் புதுப்பிக்கும் பொத்தானைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 2023 ஜூனில் ஒரு அப்பாவும் மகளும் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அவர் தறிக்குப் போகிறவர். பெண் இன்ஜினியரிங் படிக்கிறாள். பி450 மதர்போர்டு, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசஸர், ரேம் எல்லாவற்றையும் ஆன்லைனில் தனித்தனியாக வாங்கி அவளே மாட்டியிருந்தாள். மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.

"புதுசா வாங்குனதே கெட்டுப் போச்சுங்களா?" என்று அப்பா கேட்டார்.

எதுவும் கெடவில்லை. போர்டில் இருந்த பயாஸ் 2019ஆம் ஆண்டினுடையது, பிராசஸர் கடைக்கு வந்ததோ 2021இல். பிராசஸரை எழுப்பி, ரேமைத் தயார் செய்து, திரைக்குப் படம் அனுப்புவது வரை எல்லாம் பயாஸ் வேலை. அதற்குப் பிராசஸரையே அடையாளம் தெரியவில்லை என்றால், 'என்னைப் புதுப்பியுங்கள்' என்று திரையில் ஒரு வரி காட்டக்கூட வழியில்லை. வாங்கியவருக்குத் தெரிவதெல்லாம் கறுப்புத் திரைதான்.

அந்தப் போர்டில் பிராசஸர் இல்லாமல் பயாஸ் ஏற்றும் வசதி இல்லை. தெரிந்த கடை ஒன்றிலிருந்து பழைய ரைசன் 3 2200ஜி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) மாட்டும் இந்தப் பிராசஸருக்கு அடியில் 1331 ஊசிகள். கூலரை அப்படியே மேலே இழுத்தால், இடையில் பூசிய, சூடு கடத்தும் பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒரு ஊசி வளைந்தாலும் போச்சு. அதனால் இடமும் வலமும் மெதுவாகத் திருகி, பிடி விட்ட பிறகுதான் தூக்க வேண்டும். அவளுடைய பிராசஸரைக் கழற்றி, இரவல் பிராசஸரை மாட்டி, பென் டிரைவில் இருந்த ஃபைலை ஏற்றினேன். ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு உயிரற்றுப் போகும், அதனால் யுபிஎஸ்ஸில்தான் போட்டிருந்தேன். நூறு சதவீதம் வரும்வரை அந்தப் பெண் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் மறுபடி கழற்றி அவளுடையதை மாட்டியதும் டிஸ்ப்ளே வந்தது.

ஏற்கெனவே ஒரு பிராசஸர் வைத்திருப்பவருக்கு இது அரை மணி நேர வேலை. முதல் கம்ப்யூட்டர் வாங்குகிற வீட்டில் இரண்டாவது பிராசஸருக்கு எங்கே போவார்கள்?

இதற்கான தீர்வு உங்களிடமே இருக்கிறது. நீங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறீர்கள்: ஃப்ளாஷ்பேக், கியூ-ஃப்ளாஷ் பிளஸ், ஃப்ளாஷ் பயாஸ் பொத்தான். பிராசஸரும் வேண்டாம், ரேமும் வேண்டாம். பவர் சப்ளையை இணைத்து, குறித்த யுஎஸ்பி துளையில் பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தினால் போதும். போர்டில் இருக்கும் தனிச் சிறு கன்ட்ரோலர் ஃபைலைப் படித்து ஏற்றிவிடும். இவ்வளவு நல்ல வசதியை விலை உயர்ந்த போர்டுகளில் தவறாமல் வைக்கிறீர்கள், ஏ520, எச்610 போன்ற விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் விட்டுவிடுகிறீர்கள். அதிகம் தேவைப்படுபவர் கைக்குத்தான் அது போய்ச் சேருவதில்லை.

இரண்டாவதாக, பெட்டியின் மேல் பயாஸ் பதிப்பு எண்ணை அச்சிடுங்கள். எந்தப் பிராசஸருக்கு எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று உங்கள் இணையதளத்தில் பட்டியல் தெளிவாக இருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் பெட்டிக்குள் எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால் அந்தப் பட்டியலை வைத்து என்ன செய்வது? 'ரைசன் 5000 தயார்' என்ற ஸ்டிக்கர் ஒட்டி வந்த பெட்டிகளை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்திருக்கிறேன். கிடங்கில் தங்கிவிட்ட பழைய சரக்கில் அது இருப்பதில்லை. விநியோகிப்பவர்களே, அந்தச் சரக்கை அனுப்பும் முன் புதிய பதிப்பை ஏற்றி, ஒரு சீட்டாவது ஒட்டுங்கள்.

வாடிக்கையாளர் சொன்னால் நிறுவனங்கள் கேட்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2020 மே மாதத்தில், ஜென் 3 (ரைசன் 5000 தலைமுறை) பிராசஸர்களுக்கு பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஆதரவு கிடையாது என்றது ஏஎம்டி. பல போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான், எல்லாத் தலைமுறையும் அதில் அடங்காது என்பது காரணம். எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2022இல் இன்னும் பழைய 300 வரிசைப் போர்டுகளுக்கும் கதவு திறந்தது. ஐந்து வருடப் பழைய போர்டில் புதுப் பிராசஸர் ஓடியது எவ்வளவு பேருக்கு உதவி!

ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டிலும் இப்போது இதே கதைதான். ரைசன் 7000 காலத்தில் செய்த போர்டு பெட்டிக்குள்ளேயே இருக்க, 2024இல் 9000 வரிசை வந்துவிட்டது. பதிப்பு எண் இல்லாத பெட்டி ஒன்று இந்த வாரமும் என் மேஜைக்கு வந்தது. திறப்பதற்கு முன்பே இரவல் பிராசஸர் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கரூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிளர்