வாஷ்பேசினுக்குக் கீழே

கானாடுகாத்தான்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பேசினைச் சுவரில் மட்டம் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். கீழ் வேலையை நீயே செய்யப் போவதாகச் சொன்னாயே, ரொம்பச் சந்தோஷம், தாராளமாகச் செய். அந்தச் சுருள் பிளாஸ்டிக் பைப்பை மட்டும் வாங்காதே. அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் சோப்பும் முடியும் படியும். இழுத்துச் சொருகினால் வளைவும் போய்விடும், சாக்கடை வாடை நேராக அறைக்குள் வரும். கடையில் 32 மி.மீ. பாட்டில் ட்ராப் கேள், அடியில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வாடையைத் தடுக்கிற பாட்டில் மாதிரியான சாமான் அது.

முதலில் வேஸ்ட் கப்ளிங், அதாவது பேசின் அடி ஓட்டையில் மாட்டுகிற குழல். உன் பேசினில் மேலே, தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க ஒரு சின்ன ஓவர்ஃப்ளோ ஓட்டை தெரிகிறது. அதனால் பக்கவாட்டில் துளை உள்ள 'ஹாஃப் த்ரெட்' கப்ளிங்தான் வேண்டும். துளையில்லாததைப் போட்டால் ஓவர்ஃப்ளோ தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. மேல் விளிம்புக்கு அடியில் சிலிக்கான் தடவி இறக்கு, கீழிருந்து ரப்பர் வாஷரும் நட்டும் போடு. நட்டை முறுக்கும்போது மேல்பக்கம் சுற்றாமல் ஒரு கையால் பிடித்துக்கொள். பீங்கான் என்பதால் ரொம்ப இறுக்கினால் விரிசல் விட்டுவிடும்.

அப்புறம் ட்ராப். சுவருக்குள் போகிற குழாயை அளந்து ஹாக்ஸா பிளேடால் வெட்டு, வெட்டிய முனையில் பிசிறு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய். சுவர் ஓட்டையை மறைக்கிற வட்டத் தகட்டை முதலில் குழாயில் கோத்துவிடு. எல்லாம் மாட்டிய பிறகு அதைக் கோக்க முடியாது. அதற்குப் பின் குழாயில் நட்டு, பிறகு ரப்பர், அந்த வரிசையில்தான். ரப்பரின் தட்டைப் பக்கம் நட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இந்த நட்டுகளுக்கு டெஃப்லான் டேப் வேண்டாம், ரப்பரே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். குழாய் சுவரை நோக்கி ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவாக இருக்கட்டும். சுவரில் சேருகிற இடத்தில் ரப்பர் அடாப்டர் போடு. யாராவது வெள்ளை சிமெண்ட் வைத்துப் பூசுகிறேன் என்றால் விடாதே. பூசிவிட்டால் நாளைக்கு அடைப்பு எடுக்க உடைக்கத்தான் வேண்டும்.

இவ்வளவு பாடும் அந்த ட்ராப்பின் அடியில் 50 மி.மீ. உயரத்துக்காவது தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தத் தண்ணீர்தான் கழிவுக் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவு. அந்தக் காலத்தில் நம் வீட்டில் இது தேவைப்படவில்லை. கை கால் கழுவுவதெல்லாம் முற்றத்தில், தண்ணீர் திறந்தவெளியில் ஓடிவிடும். இரண்டாங்கட்டில் பாத்ரூம் கட்டி, பைப்பைச் செப்டிக் டேங்கோடு சேர்த்த பிறகுதான் ட்ராப் கட்டாயமாயிற்று. நம் ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, உனக்கே தெரியும். முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, கல்யாணம் என்று வந்து திறக்கிறவர்கள், உள்முற்றமான வளவு வரைக்கும் வாடை அடிக்கிறது, பைப் உடைந்துவிட்டது என்று பதறுவார்கள். பல வீடுகளில் எதுவும் உடைந்திருக்காது, ட்ராப் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். நீ லீவுக்கு இங்கே கிளம்பும்போது உன் பேசினில் தண்ணீர் விட்டு, அதன் மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் ஊற்றிவிட்டு வா. சீக்கிரம் வற்றாது.

பாட்டில் ட்ராப்பில் ஒரு குறை உண்டு. முடியும் மண்ணும் அடியில் தங்கும். தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தால் கீழே வாளி வைத்து, அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவு. ஆசிட் ஊற்றாதே.

மாட்டி முடித்ததும் பேசினை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிடு. குழாயை லேசாகத் திறந்து பார்த்தால் கசிவு தெரியாது. கீழே பழைய நியூஸ்பேப்பர் விரித்து வை, ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த விரலால் தொட்டுப் பார். களக் களக் என்று சத்தம் வந்து ட்ராப் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போனால் அது காற்றுப் போக்கு இல்லாத குறை. அதற்கு அபார்ட்மெண்ட் பிளம்பரைக் கூப்பிடு, நீ தனியாகச் செய்கிற வேலை இல்லை.

நட்டு முறுக்குகிற என் வாட்டர் பம்ப் பிளேயர் இங்கே சும்மாதான் இருக்கிறது. அம்மா உனக்குச் சீப்புச் சீடை கட்டிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பார்சலில் வைத்து அனுப்புகிறேன். அது வந்த பிறகு வேலையை ஆரம்பி.

அன்புடன்,
அப்பா