பெலட் அடுப்பில் எந்த விசிறி சத்தம் போடுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மரத்தூளை அழுத்திச் செய்த பெலட் என்ற சிறு குச்சிகளை எரிக்கும் பெலட் அடுப்பின் விசிறி கிறீச்சிட்டால் எண்ணெய் விட்டால் போதும் என்று தங்கள் வீட்டுப் பராமரிப்புக் குறிப்பில் வந்திருந்தது. எந்த விசிறி, எந்த மோட்டர் என்று அதில் இல்லை. கனடாவின் குளிரில் இந்த அடுப்பை நம்பியிருக்கும் நம்மவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

அடுப்பில் பொதுவாக இரண்டு விசிறிகள் உண்டு. ஒன்று சூடான காற்றை அறைக்குள் தள்ளுகிறது. அது தேய்ந்தால் அறை சூடாகாது. அடுப்பு அளவுமீறிச் சூடேறித் தானே நின்றுவிடும். மற்றது புகையை இழுத்துக் குழாய் வழியே வெளியேற்றுகிறது. அதுதான் கவலைக்குரியது. அது தளர்ந்தால் சுவாலை செம்மஞ்சளாக நீண்டு மந்தமாக ஆடும், கண்ணாடி விரைவில் கறுக்கும், எரிகிண்ணத்தில் எரியாத பெலட் குவியும். புகையின் இழுவை மேலும் குறைந்தால், அழுத்தத்தை உணரும் சுவிட்ச் பெலட் வருவதை நிறுத்திவிடும். அந்த சுவிட்சை வயரால் இணைத்துச் செயலிழக்கச் செய்துவிட்டு அடுப்பை ஓட்டுவோர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பாமல் காப்பவற்றில் அந்தச் சுவிட்சும் ஒன்று.

அடுப்பு முழுக்க ஆறியபின் பிளக்கைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல மோட்டர் சத்தமின்றிச் சில சுற்று ஓடி மெல்ல நிற்கும். மோட்டரின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டும்போது தெளிவாக அசைந்தால், தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது. அசைவில்லாமல் அதிர்வு மட்டும் இருந்தால், விசிறி இதழ்களில் சாம்பல் ஒரு பக்கமாக ஒட்டிச் சமநிலை கெட்டிருக்கலாம். தூரிகையால் துடைத்தாலே அடங்கும். இதைப் பார்க்காமல் நல்ல மோட்டரைத் தூக்கி எறிவது வீண் செலவு.

விசிறி சுற்றவே இல்லையென்றால், மோட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மீற்றரால் பாருங்கள். வந்தும் ஓடாவிட்டால் பழுது மோட்டரில். வராவிட்டால் ஃபியூஸ், வயர், கட்டுப்பாட்டு போர்டு. வேகத்தைக் குறைக்கப் பல போர்டுகள் மின்னழுத்தத்தைக் குறைத்தே கொடுக்கும். ஆகவே மீற்றர் 120 வோல்ட்டுக்குக் கீழே காட்டுவதாலேயே போர்டு பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எண்ணெய் விடுவது எண்ணெய்த்துளை உள்ள மோட்டருக்கு மட்டும்: மின்மோட்டருக்கென விற்கும் 20ஆம் தர (SAE 20) எண்ணெய், 2 அல்லது 3 துளி. மூடிய பேரிங்குக்கு எண்ணெய் உள்ளே போகாது. துரு நீக்கும் ஸ்பிரே சூட்டில் காய்ந்து, தூசியைப் பிடித்துப் பிசுக்காகும்.

மாற்றும்போது வோல்ட், அம்பியர், சுழற்சி வேகம், சுழலும் திசை நான்கும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இதழ்ச்சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள். தண்டு வளைந்தால் புதிய பேரிங்கும் நிலைக்காது. புகை விசிறிக்கு, பொருத்தும் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் புதியதாக இருப்பது கட்டாயம். பழையதையே பூட்டினால் அந்த இடுக்கால் புகை கசியும். பூட்டியபின், வீட்டிலுள்ள காபன் மொனொக்சைட் அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டே தீ மூட்டுங்கள்.

அன்புடன்,
அடுப்புப் பழுதுபார்க்கும் வாசகர்,
ஒன்ராறியோ