அலமாரிக்கு எந்தப் புத்தகம்?

அன்புள்ள கண்ணம்மா,

நூலகத்தில் பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் அலமாரி வைக்கப்போகிறாய், சூப்பர்ஹீரோ குழுக் கதைகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு பெயரைச் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை.

1940 குளிர்காலத்தில் வந்த ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 3ஆம் இதழில்தான் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற முதல் குழு கூடியது. ஃப்ளாஷ், கிரீன் லேன்டர்ன், ஹாக்மேன் என்று எட்டுப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரும் ஆண்கள். 1942இல் வொண்டர் வுமன் வந்து சேர்ந்தாள். அந்தக் குழுவிலேயே பெரும் பலசாலிகளில் ஒருத்தி அவள். அவளுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? செயலாளர்! தனி இதழ் கிடைத்தவர் குழுவில் முழு உறுப்பினராக நீடிக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது உண்மைதான். ஆனால் அதே விதிப்படி விலகிய ஃப்ளாஷுக்குக் கௌரவ உறுப்பினர் பதவி, இவளுக்குக் குறிப்பெடுக்கும் வேலை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் 1961இல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோரைக் கொண்டுவந்தார்கள். தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும் குடும்பம் மாதிரியான குழு அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் சூ ஸ்டார்முக்கு மறைந்துபோவது மட்டும்தான் சக்தி. அவளால் குழுவுக்கு என்ன பயன் என்று வாசகர்கள் எழுதிக் கேட்க, 1963இல் 11ஆம் இதழில் ஆபிரகாம் லிங்கனுக்கு அவர் தாய் எவ்வளவு முக்கியம் என்று உதாரணம் காட்டிக் கதைக்குள்ளேயே பதில் சொன்னார்கள். சமாதானம் சொன்னால் போதுமா? 22ஆம் இதழில் கண்ணுக்குத் தெரியாத கவசத்தை உருவாக்கும் சக்தியைக் கொடுத்தார்களே, அதுதான் சரியான பதில். ‘இன்விசிபிள் கேர்ள்’ என்ற அவளுடைய பெயர் ‘இன்விசிபிள் வுமன்’ ஆவதற்கு 1985 வரை அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நீ கட்டாயம் வாங்க வேண்டியது எக்ஸ்-மென், பிறவியிலேயே விசேஷ சக்தியுள்ளவர்களின் குழு. 1963இல் தொடங்கிய அந்த இதழ் 1970 முதல் பழைய கதைகளையே மறுபடி அச்சடித்துக்கொண்டு கிடந்தது. 1975இல் எழுத்தாளர் லென் வெய்னும் ஓவியர் டேவ் காக்ரமும் கென்யா, ஜெர்மனி, கனடா, சோவியத் ரஷ்யா என்று பல ஊர்க்காரர்களைச் சேர்த்துப் புதுக் குழு அமைத்தார்கள். மழையையும் மின்னலையும் ஆட்டிவைக்கும் ஸ்டார்ம் வந்தது அப்போதுதான் (சூ ஸ்டார்ம் வேறு, இவள் வேறு). கெய்ரோவில் பெற்றோரை இழந்து, தெருவில் திருடிப் பிழைத்த சிறுமி அவள். அடுத்து வந்த எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் பதினாறு வருடத்துக்கு மேல் அந்தக் கதையை எழுதினார். 1980இல் அவளைத் தலைவியாக்கினார். பிறகு அவளுடைய சக்தி முழுக்கப் போய்விடுகிறது. 1986இல் 201ஆம் இதழில், மழையும் இல்லை, மின்னலும் இல்லை, வெறும் கையோடு பழைய தலைவன் சைக்ளாப்ஸுடன் மோதித் தலைமையை வென்றெடுக்கிறாள். எண்பதுகளில் பெரும்பாலான காலம் அந்த இதழுக்குப் பதிப்பாசிரியர்களாக இருந்தவர்கள் லூயிஸ் சைமன்சன், அடுத்து ஆன் நொசென்டி. இரண்டு பேருமே பெண்கள். இந்தப் பெயர்களையும் பிள்ளைகளிடம் சொல்.

பழைய ஜஸ்டிஸ் சொசைட்டித் தொகுப்பு கிடைத்தால் அதையும் வாங்கு, ஒதுக்காதே. வொண்டர் வுமனை எங்கே உட்கார வைத்தார்கள் என்று அந்தப் பெண் குழந்தைகள் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். பணம் பற்றாவிட்டால் சொல், பாதி நான் அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா