அவர்கள் வரிசையில் நிற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட ‘உலகின் மருந்துக்கடை’ என்னும் சிறப்புக் கட்டுரையை இருமுறை படித்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து, அதில் பதினோரு ஆண்டுகளை ஜாம்பியாவின் செப்புச் சுரங்க ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில் கழித்தவன் நான். ஆகையால், நம் நாட்டு மாத்திரைகள் கடல் கடந்து சென்று காத்த உயிர்களைப் பற்றி வாசிக்கையில் எனக்கும் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமை 34-ஆம் பக்கம் வரை நீடித்தது. அங்கே ஒரு படமும், அதன் கீழே ‘இந்தியாவின் கருணைக்காக வரிசையில் காத்திருக்கும் ஆப்பிரிக்கத் தாய்மார்கள்’ என்று ஒரு வரியும் இருந்தன.

பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்கள் அணிந்திருப்பது, மார்பின் குறுக்கே ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட வெள்ளைச் சட்டை. கைகள் முஷ்டி மடக்கி மேலே உயர்ந்திருக்கின்றன. வாய்கள் பாட்டுக்கோ முழக்கத்துக்கோ திறந்திருக்கின்றன. கருணை கேட்டு நிற்பவர்கள் கையை எந்தப் பக்கம் நீட்டுவார்கள் என்பது தங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அது வரிசை அன்று, ஐயா, ஊர்வலம்.

அந்தச் சட்டையின் வரலாறு தாங்கள் அறியாததன்று. கட்டுரையாளருக்குச் சொல்ல நேரமில்லாமல் போயிருக்கலாம் என்பதால் நான் நினைவூட்டுகிறேன். 1998 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த குவாமாஷுவில், தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குகு ட்லமினி என்னும் பெண்ணை அவர் வாழ்ந்த பகுதியினரே அடித்துக் கொன்றார்கள். அதே மாதம் 10-ஆம் தேதி கேப் டவுனில் ஜாக்கி அக்மத்தும் அவருடைய தோழர்களும் தொடங்கிய சிகிச்சைச் செயல் இயக்கம், தொற்று உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று எவரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லாருக்கும் அந்தச் சட்டையை அணிவித்தது. 2002 டிசம்பரில் கேப் டவுனை அடுத்த கயலிட்சாவில் மண்டேலாவும் அதை அணிந்துகொண்டார். அவரும் வரிசையில்தான் நின்றார் என்று தங்கள் கட்டுரையாளர் எழுதுவாரா என்று தெரியவில்லை.

கட்டுரை, 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா மருந்து நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற, எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துச் சிகிச்சையை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததில் தொடங்கி, அதிலேயே முடிந்துவிடுகிறது. அவருடைய துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், அந்த அறிவிப்பு வந்த வேளையில் தென்னாப்பிரிக்காவின் நிலை என்ன? மலிவு மருந்துக்கு வழிவிடும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் அந்நாட்டு அரசின் மீதே வழக்குத் தொடுத்திருந்தன. 2001 மார்ச்சில் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது சிகிச்சைச் செயல் இயக்கம் வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டு நோயாளிகளின் வாக்குமூலங்களை முன்வைத்தது. வெளியே தெருவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஏப்ரல் 19-ஆம் தேதி அத்தனை நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன. அப்போதும் காப்புரிமை என்னும் பூட்டு திறக்கவில்லை. 2002-இல் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஹேசல் டாவும் மற்றவர்களும் இரு பெருநிறுவனங்கள் மீது விலைக்கொள்ளை என்று போட்டி ஆணையத்தில் முறையிட்ட பிறகு, 2003-இன் இறுதியில்தான் பிற தயாரிப்பாளர்களுக்கு உரிமம் தர அந்நிறுவனங்கள் இணங்கின. மும்பையில் மாத்திரை ஆயத்தமாக இருந்தது உண்மை; அது உள்ளே நுழையக் கதவைத் திறந்தவர்கள் அந்தச் சட்டைக்காரர்கள்.

பகை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று ஐயுற்ற குடியரசுத் தலைவரும், பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்த சுகாதார அமைச்சரும் இருந்த நாடு அது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்வதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைப் பெறுவதற்குத் தம் சொந்த அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்து, 2002 ஜூலை 5-ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றத்தில் அந்த இயக்கத்தினர் வென்றார்கள். பொது மருத்துவமனைகளில் எல்லாருக்கும் கிடைக்கும் வரை தாமும் மருந்து உண்ண மாட்டேன் என்று அக்மத் நோயோடு ஆண்டுக்கணக்கில் கிடந்தார். இவை ஒன்றுகூடக் கட்டுரையில் இடம்பெறவில்லை.

இனி என் சொந்த அனுபவம். மூளையுறையைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை நோய், எச்.ஐ.வி. முற்றியவர்களை இரண்டு மூன்று வாரங்களில் கொண்டுபோய்விடும். அதற்கு ஃப்ளூகோனசோல் என்ற மாத்திரை உண்டு. எங்கள் இருப்பேட்டில் அந்தப் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று மாதந்தோறும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு பள்ளி ஆசிரியை, தம் கணவருக்காகத் தனியார் கடையில் விலை விசாரித்துவிட்டு வந்து, அது தமது இரண்டு மாதச் சம்பளம் என்று அழாமல் சொன்னார். மறுவாரம் சைக்கிளை விற்றுப் பத்து நாளைக்கு வாங்கினார். பதினோராவது நாளைக்கு விற்க ஒன்றுமில்லை. அக்காலத்தில்தான், 2000 அக்டோபரில், அக்மத் தாய்லாந்துக்குச் சென்று அதே மருந்தின் மலிவுப் பதிப்பை வாங்கிக்கொண்டு, சட்டத்தை மீறுகிறேன் என்று அறிவித்தே நாடு திரும்பினார். மருந்து இருந்தும் கிடைக்காமல் அந்த ஜூலையில் இறந்த கிறிஸ்டோபர் மொராகாவின் பெயரையே அந்தச் சட்டமீறல் போராட்டத்துக்குச் சூட்டியிருந்தார்கள். செய்தியைக் கேட்டு எங்கள் மருந்தகத்தில் கைதட்டினோம். அரசு ஊழியன் செய்யத்தகாத காரியந்தான்.

2001-இல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்கள் பலர் வாழ்நாளில் கடிகாரத்தையே பார்த்ததில்லை, வேளை தவறாமல் மருந்து உண்ண அவர்களால் ஆகாது என்ற பொருளில் பேசினார். தங்கள் படக்குறிப்பைக் கண்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பேச்சுதான். பின்னர் எங்கள் சுரங்க ஊருக்கு எச்.ஐ.வி. மாத்திரை வந்தபோது, பன்னிரண்டு மணிக்கொருமுறை உண்ண வேண்டிய அதைப் பெண்கள் சுரங்கத்தின் சங்கொலியை வைத்து உண்டார்கள். காலைச் சங்குக்கு ஒன்று, மாலைச் சங்குக்கு ஒன்று. விக்கிரமசிங்கபுரத்தில் மில் சங்கைக் கேட்டு உலை வைத்த என் தாயார் ஒருநாளும் நேரம் தவறியதில்லை. இவர்களும் தவறவில்லை. மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்தவன் நான்.

தங்களிடம் எனக்குப் பழைய மனக்குறை ஒன்றும் உண்டு. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதுக் காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து சுவிஸ் நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் நடந்தது. 2007 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தள்ளுபடியானது. அந்தப் பிரிவு விழுந்திருந்தால் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் மலிவு மருந்தின் ஊற்றுக்கண்ணே அடைபட்டிருக்கும் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று கருதினீர்கள் போலும். அந்த வாரம் வந்த நகைக்கடை விளம்பரங்களை எண்ணிப் பார்த்து நானே சமாதானம் செய்துகொண்டேன். 2022-இல், இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளில் நச்சுப்பொருள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்து, காம்பியாவில் குழந்தைகள் மாண்டபோதும் தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்திதான் வந்தது. அங்கே பெற்றோர்கள் கூடி நீதிமன்றம் சென்றார்கள். உலகின் மருந்துக்கடை என்று பலகை மாட்டிக்கொள்பவர், கடையில் விற்ற எல்லாவற்றுக்கும் பில் போட வேண்டும்.

கருணை எந்தத் திசையில் பாய்கிறது என்பதும் அவ்வளவு தெளிவானதன்று. காசநோய்க்கான ஊசியால் செவித்திறனை இழந்த கயலிட்சாவின் ஃபுமேசா டிசிலேவும், அவ்வாறே இழந்த மும்பையின் நந்திதா வெங்கடேசனும் சேர்ந்து, பெடாகுவிலின் என்னும் காசநோய் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாதென்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்தார்கள். 2023 மார்ச்சில் அந்த நீட்டிப்பு மறுக்கப்பட்டது. நம் ஊர்க் காசநோயாளிக்கும் மருந்து மலிவாவதற்கு வழக்காடியவர்களில் ஒருவர் ஆப்பிரிக்கப் பெண். அவர் படத்தைத் தாங்கள் வெளியிட நேர்ந்தால் கீழே என்ன எழுதுவீர்கள்?

என் வேண்டுகோள் சிறியது. இணையப் பதிப்பில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி, ‘மருந்து உரிமை கேட்டு ஊர்வலம் செல்லும் பெண்கள்’ என்று மாற்றுங்கள். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் மகிழ்வேன். இடநெருக்கடி இருப்பின் ‘இந்தியாவின் கருணைக்காக வரிசையில் காத்திருக்கும்’ என்னும் நான்கு சொற்களை மட்டும் நீக்கினாலும் குறை சொல்ல மாட்டேன். இக்கடிதத்தைச் சுருக்கி வெளியிடுவதாயின் என் அனுபவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். குகு ட்லமினியின் பெயரை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை.