வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: காலை விலையும் மாலை விலையும்

அன்புடையீர், வணக்கம்.

பத்து நாட்களாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் குரல் பதிவை நானும் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். ஒரு சங்கிலியை எடுத்து வைக்கச் சொன்னபோது நம் நகைக்கடைக்காரர் காலையில் தங்கத்துக்கு ஒரு விலை சொன்னாராம், மதியம் பணத்தோடு போனால் வேறு விலையாம், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இஷ்டத்துக்கு எழுதுகிறாராம். பேசியவர் யார் என்று தெரியும். பெயர் வேண்டாம், தாத்தா காலத்திலிருந்து நம்மிடம் வருகிற குடும்பம்.

விலை மாறியது உண்மை. ஆனால் கடையின் விலைப் பலகையில் எழுதுகிற கை மட்டும்தான் என்னுடையது. லண்டனில் நாளுக்கு இரண்டு முறை, அவர்கள் நேரப்படி காலை பத்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும், ஏலத்தில் தங்கத்தின் அவுன்ஸ் விலை முடிவாகிறது. நாம் தூங்கும் நேரத்தில் நியூயார்க்கில் வணிகம் ஓடுகிறது. இதையெல்லாம் பார்த்து வியாபாரிகள் சங்கம் காலையில் ஒரு விலை அறிவிக்கிறது. ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் அன்றே மறுபடியும் அறிவிக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம். விலை 4000 டாலர், ஒரு டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமுக்கு ஏறக்குறைய 11,320 ரூபாய். இறக்குமதி வரி 6 சதவீதம் என்று வைத்துச் சேர்த்தால் 12,000. அது சொக்கத் தங்கம், அதாவது 24 காரட். 22 காரட்டுக்கு 11,000, எட்டு கிராம் சவரன் 88,000. இதற்குமேல்தான் சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி. லண்டன் விலை அசையாமல் நின்றாலும், டாலர் ஒரு ரூபாய் ஏறினால் நம் ஊரில் சவரனுக்கு ஆயிரம் ரூபாய் ஏறிவிடும். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அதற்கும் நான்தான் காரணமா?

தங்கம் ஏன் இப்படி ஓடுகிறது என்று பலர் கேட்கிறீர்கள். 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யாவின் அந்நியச் செலாவணி இருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. டாலரும் யூரோவும் கையில் இருந்தும் தொட முடியாமல் போகலாம் என்பதை மற்ற நாடுகள் பார்த்துக்கொண்டன. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. நம் ரிசர்வ் வங்கியும் வாங்கியது; இங்கிலாந்தில் வைத்திருந்ததில் நூறு டன்னை 2024இல் ஊருக்கே கொண்டுவந்தது. 1991இல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த நாடு இது. அரசாங்கங்களே பெட்டி பெட்டியாக வாங்கும்போது தாலிக்கு வாங்குகிறவர் கேட்கும் விலைக்கு எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 23 அன்று வரவு செலவுத் திட்டத்தில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது. அன்று சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. என் அலமாரியில் இருந்ததெல்லாம் பழைய வரி கட்டிய தங்கம். அன்றைக்கும் பலகையை அழித்து, இறங்கிய விலையைத்தான் எழுதினேன். கூட்டம் தெரு வரை நின்றது. அதைப் பற்றி யாரும் குரல் பதிவு போடவில்லை.

முன்பணம் கட்டிப் பதிவு செய்தவருக்கு விலை ஏறினாலும் பழைய விலைதான் என்பது நம் கடை வழக்கம், இதுவரை மீறியதில்லை. வாய்மொழியாக எடுத்து வைக்கச் சொன்னதற்கு அது பொருந்தாது என்பதை அன்றே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நகைச்சீட்டில் பன்னிரண்டாம் தவணையைக் கடையே போடுவது, தை முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அரைத் தவணையாக இருக்கும். மற்றபடி எல்லாம் முன்போலவே.

இந்தப் பத்து நாட்களிலும், "எங்களுக்குத் தெரியும், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று கடையேறி வந்து சொன்ன தாய்மார்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன். ஒருவர் எதுவும் வாங்காமல் மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அது போதும்.

அந்தச் சங்கிலி இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பெயர் எழுதிய உறையில் பெட்டகத்திலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், செய்கூலியில் பார்த்துச் செய்கிறேன். தங்கத்துக்கு மட்டும் அன்றைய பலகை விலைதான்.

இப்படிக்கு,
உங்கள் நகைக்கடைக்காரர்