கல்லூரி மகளிர் கூடைப்பந்துச் செய்திகள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கள்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், நகரக் கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் கூடைப்பந்து இறுதியாட்டம் பற்றிய செய்தி ஒன்றரை வரியில் வெளிவந்திருந்தது. எந்தக் கல்லூரி வென்றது, எந்தக் கல்லூரி தோற்றது என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. தோற்ற கல்லூரியின் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அந்த ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டை, அதாவது புள்ளிகளையும் தவறுகளையும் பதியும் தாளை, எழுதியவள் நான். தோற்ற அணி இந்த ஆண்டு ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஸ்கோரர் மேசையிலிருந்தோ வெளியிலிருந்தோ பார்த்தவள் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி நாள்களில் நானும் இந்த ஆட்டத்தை ஆடியவள்தான். முழங்கால்கள் ஓடாதே என்று சொன்ன பிறகு ஆடுகளத்தை விட்டுப் போக மனமின்றி ஸ்கோரர் மேசைக்கு வந்து சேர்ந்தேன். ஸ்கோர்ஷீட் என்பதை வெறும் கூட்டல் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். முதல் மற்றும் மூன்றாம் கால்பகுதிகளைச் சிவப்பு மையிலும், இரண்டாம் மற்றும் நான்காம் கால்பகுதிகளை நீலம் அல்லது கறுப்பு மையிலும் எழுதுவோம். சாதாரணக் கூடை விழுந்தால் புள்ளி எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காக வழங்கப்படும் தனி எறிதல்) விழுந்தால் ஒரு கரும்பொட்டு, மூன்று புள்ளி தரும் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். எழுதத் தெரிந்தவருக்கும் படிக்கத் தெரிந்தவருக்கும் 40 நிமிட ஆட்டமும் அந்த ஒரு தாளில் மறுபடி நடக்கும்.

தோற்ற அந்த அணியின் ஆண்டு ஜூலை மாதத்தில் தேர்வு முகாமுடன் தொடங்கியது. சென்ற ஆண்டின் மூன்றாமாண்டு மாணவியர் ஐந்து பேர் படிப்பை முடித்துப் போய்விட்டதால் அணியில் பாதி புதியது. உயரமான பெண் என்று சொல்லத்தக்கவர் ஒருவரே. திருவள்ளூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி ஆறு மணிப் பயிற்சிக்காக நாலரை மணிக்கே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது என்பதையும், அவருடைய தந்தை மூன்று மாதங்கள் ரயில் நிலையம் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார் என்பதையும் அவர்களுடைய உடற்கல்வி இயக்குநர் வாயிலாக அறிந்தேன். செப்டம்பரில் நடந்த பல்கலைக்கழக அளவிலான போட்டியில் அரையிறுதி வரை வந்தார்கள். அங்கிருந்து மூன்று பேர் பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டார்கள்.

அதன் பிறகு மழை வந்தது. சென்னையின் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் கூடைப்பந்துக் களம் திறந்த வெளியில், சிமென்ட் தரையில்தான் இருக்கிறது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை அந்தத் தரையை நம்ப முடியாது. காலையில் மழை நின்றாலும் தரையில் தங்கிய நீரைத் துடைப்பத்தாலும் கோணிச் சாக்காலும் தள்ளிவிட்டுக் காயும்வரை காத்திருந்தால் முதல் வகுப்பு மணி அடித்துவிடும். ஈரத்தில் ஆடினால் கணுக்கால் போகும். இடையில் செமஸ்டர் தேர்வு, ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது போட்டிக்காக வகுப்புக்கு வராதிருக்க அனுமதி) கொடுத்த நாள்களை வருகைப்பதிவில் சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு துறையிலும் போய் நின்று கேட்க வேண்டும். அந்த இரண்டரை மாதங்களில் இவர்கள் வகுப்பறைக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஓடினார்கள், பந்தைத் தட்டிப் பழகினார்கள், படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். கூடை இல்லாத இடத்தில் எறிந்து பழக மட்டும் முடியவில்லை.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜனவரியில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் இவர்கள் தோற்றது இரண்டே புள்ளிகளில். இடைவேளையின்போது 11 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். மூன்றாம் கால்பகுதியின் நடுவில் அந்த ஒரே உயரமான மாணவி ஐந்தாவது ஃபவுல் (விதிமீறல்) பெற்று விதிப்படி வெளியேற, அவருக்குப் பதிலாக உள்ளே வந்த முதலாமாண்டு மாணவி, அதுவரை பருவம் முழுக்கப் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர், அடுத்த பன்னிரண்டு நிமிடங்களுக்குள் நான்கு முறை கோட்டுக்கு வெளியிலிருந்து கூடையில் போட்டார். என் தாளில் 13 என்ற எண்ணைச் சுற்றி நான்கு வட்டங்கள் இருக்கின்றன. இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமநிலையில் நின்றது. இந்தப் பெண்ணைப் பற்றித் தங்கள் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

தோல்வியின் காரணமும் அதே தாளில் இருக்கிறது. தவறிய ஃப்ரீ த்ரோக்களை ஸ்கோர்ஷீட்டில் குறிப்பதில்லை. ஆனால் எதிரணியின் ஃபவுல் கட்டங்களில், ஃபவுலின் வகையைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய எண்கள், எத்தனை எறிதல்கள் வழங்கப்பட்டன என்பதைச் சொல்லும். அவற்றைக் கூட்டி, விழுந்தவற்றுக்கான கரும்பொட்டுகளைக் கழித்தால் தவறியவை எத்தனை என்பது கிடைத்துவிடும். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டேன்: ஒன்பது. யாரும் மறிக்க வராமல், கோட்டில் நின்று நிதானமாக எறியக்கூடிய எறிதல்கள் ஒன்பது தவறின. மனம் கலங்கியதால் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எறிதல் அன்றாடம் நூறு தடவை செய்து கைக்குப் பழக வேண்டிய வேலை. அதற்குக் கூடை வேண்டும், கூடைக்குக் கீழே காய்ந்த தரை வேண்டும். ஒரு தகரக் கூரை இருந்திருந்தால் கோப்பை இடம் மாறியிருக்கலாம். இதைத் தங்கள் நிருபர் எழுதியிருந்தால் அந்தக் கல்லூரி நிர்வாகம் காலையில் காப்பியோடு அதைப் படித்திருக்கும்.

இந்த ஆட்டம் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தது. அடுத்த ஆண்டே அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்மித் மகளிர் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். பெண்கள் அதிகம் ஓடிக் களைத்துவிடக் கூடாது என்று களத்தை மூன்றாகக் கோடிட்டுப் பிரித்தார்கள், 1893இல் நடந்த முதல் ஆட்டத்துக்கு ஆண்களை உள்ளே விடவில்லை. நம் இறுதியாட்டத்துக்கு அப்படி யாரையும் தடுக்க வேண்டிய அவசியம் எழவில்லை. வந்திருந்தவர்களே நாற்பது பேர்தான். ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது எந்த நாளிதழிலும் வரவில்லை.

சென்னைக்கு இந்த ஆட்டம் புதியதன்று. ஹாரி குரோ பக் 1920இல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்நகரம் கூடைப்பந்தை அறியும். 2009இல் மகளிருக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டி சென்னையிலேயே நடந்து சீன அணி கோப்பையை வென்றது. சென்னையில் பிறந்து, இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது தங்கள் நாளிதழும் படத்துடன் செய்தி வெளியிட்டது; மகிழ்ந்தேன். ஆனால் விருது பெறும் நாளில் மட்டும் வீராங்கனைகளை அறிமுகம் செய்தால், அதற்கு முன்னே அவர்கள் ஆடிய ஆண்டுகள் வாசகருக்குத் தெரியாமலே போகின்றன.

கல்லூரி அணிகளின் நிலை இன்னும் ஒருபடி கீழே. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு வீரர் சேர்க்கையில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 3 என்ற சான்று உண்டு. முகாமுக்குப் போன அந்த மூன்று பேருக்கு அது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. மீதி ஒன்பது பேர் ஆடியதற்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை. செய்தித்தாள் நறுக்கு வேலை வாங்கித் தராது என்பதை நான் அறிவேன். ஆனாலும் வீட்டில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரி மாணவியின் பெயர் ஒரு நாளிதழில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்று வந்தபோது, ‘மூன்றாம் வருடம் ஆட்டமெல்லாம் வேண்டாம், படிப்பைப் பார்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அவருடைய தாய், அந்த நறுக்கை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அந்த மாணவி மூன்றாம் ஆண்டும் ஆடினார்.

இடப் பற்றாக்குறை என்று தாங்கள் கூறக்கூடும். அதே பக்கத்தில், அதே நாளில், ஆடவர் கிரிக்கெட் லீக்கின் கீழ்ப் பிரிவு ஆட்டங்கள் நான்கிற்கு யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட் என்று விவரம் வந்திருந்தது. அது வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கணவர் காலையில் முதலில் தேடுவது அதைத்தான். அதே அளவில் நான்கு வரிகள் மகளிர் ஆட்டத்துக்கும் போதும்: இறுதிப் புள்ளிகள், அவற்றோடு கால்பகுதிவாரியான புள்ளிகள், ஒவ்வோர் அணியிலும் அதிகம் எடுத்த இரண்டு மூன்று பேரின் பெயர்கள். தோற்ற அணியின் பெயர்களும் வர வேண்டும். ஆட்டத்துக்கு முதல் நாள் ‘இன்றைய ஆட்டங்கள்’ பகுதியில் இடமும் நேரமும் வந்துவிட்டால், நாற்பது பேர் என்பது நூறு பேராகவாவது ஆகும். நிருபரை எல்லா ஆட்டங்களுக்கும் அனுப்ப முடியாது என்பது எனக்குப் புரிகிறது. விவரம் தரும் பொறுப்பு போட்டி நடத்துபவர்களுக்கும் உண்டு. பல நேரங்களில் அவர்களே ‘இன்ன கல்லூரி வெற்றி’ என்று ஒரு வாட்ஸ்அப் வரியை அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று போய்விடுகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் வியாழன் முதல் சனி வரை நடக்கவிருக்கும் அழைப்புப் போட்டியிலும் நான் மேசையில் இருப்பேன். அந்த அணியும் ஆடுகிறது; மூன்றாமாண்டு மாணவியர் நால்வருக்கு அதுவே கல்லூரிச் சீருடையில் கடைசிப் போட்டி. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்து நடுவர் கையெழுத்திட்ட பத்து நிமிடங்களுக்குள், ஸ்கோர்ஷீட்டின் படத்தையும், ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பிழையின்றித் தமிழில் எழுதிய பட்டியலையும் அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் விளையாட்டுப் பிரிவில் யாருக்கு, இரவு எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும் என்பதைத் தெரிவித்தால் போதுமானது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
புரசைவாக்கம், சென்னை