வரையறுக்கப்படாத பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலில் பழகும் எங்கள் காரைக்குடி மாணவர்கள், கெர்னலின் அமைப்புத் தேர்வுகளை வரையறுக்கும் எந்தக் கேகான்ஃபிக் கோப்பிலும் இல்லாத அமைப்புப் பெயர் நிரலில் இருந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை காட்டும் என்று நம்புகிறார்கள். சி மொழியோ அத்தகைய பெயரை இஃப் (#if) என்னும் நிபந்தனை வரியில் 0, அதாவது பொய், என்றே கொள்வதால், அந்தப் பகுதி ஓசையின்றி விடுபட்டுப்போகிறது. பெயரில் ஓர் எழுத்து விடுபட்டதற்காக நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

ஜிசிசி என்னும் கம்பைலரின் அண்டெஃப் (-Wundef) எச்சரிக்கை இத்தகைய பெயருள்ள இஃப் வரிகளைக் காட்டிக்கொடுக்கும், பெயர் வரையறுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும் இஃப்டெஃப் (#ifdef) வரிகளைக் காட்டாது. ஆகவே, சீர்ச்சாமான்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதுபோல, நிரலில் பயன்பட்ட பெயர்களையும் வரையறுத்த பெயர்களையும் ஒப்பிடுவதே வழி. கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இதற்கென்றே செக்கேகான்ஃபிக்சிம்பல்ஸ் என்னும் பைத்தான் நிரல் இருக்கிறது. இதைக் கல்லூரிகள் ஆய்வகப் பயிற்சியில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி